நுனி விரிந்த தடித்த எழுத்து: செக்கு எண்ணெய்க் கடைப் பலகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பல்லடம் வரைகலை · செவ்வாய் காலை

வணக்கமுங்க. காங்கயத்துக்குப் பக்கத்தில் மரச்செக்கு ஓட்டும் ஒரு குடும்பத்துக்குப் பெயர்ப்பலகை, டின் லேபிள், துணிப்பை, பில் புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு வேலை வந்திருக்கிறது. கடலை, தேங்காய், எள் மூன்றும் ஆட்டுகிறார்கள். அப்பாவும் மகனும் என் மேசைக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். மகனுக்கு இப்போது எல்லாரும் வைக்கிற மொட்டை எழுத்து, அதாவது நுனியில் எந்த அலங்காரமும் இல்லாத சான்ஸ் செரிஃப், வேண்டும். அப்பா சொன்னது இது: "எழுத்து கனமா இருக்கோணும் அம்மணி. பஸ்ஸுல போறவனுக்குத் தெரியோணும். ஆனா ஹார்டுவேர் கடை போர்டாட்டம் இருக்கக் கூடாது. நாலு தலைமுறையா ஆட்டறோம்னு பார்த்தாலே தெரியோணும்."

அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழுத்துருக்களைப் புரட்டினேன். கடைசியில் கை போய் நின்ற இடம் ஃப்ளேர்டு செரிஃப் வகை, அதிலும் போல்டு, அதாவது தடித்த கனம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண செரிஃபில் எழுத்தின் கால் நுனியில் ஒரு சின்னக் கட்டை தனியாகத் தெரியும். இதில் அப்படித் தனியாக எதுவும் இல்லை. கோடே நடுவில் கொஞ்சம் இடுப்பு ஒடுங்கி, நுனிக்குப் போகப் போக அகலமாகி முடிகிறது. அண்ணமார் கதை பாடுகிறவர் கையில் இருக்கும் உடுக்கையை நீளவாக்கில் இழுத்துவிட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மி.மீ. உயரத்தில் ஆங்கில ‘எச்’ ஒன்றை வரைந்து பார்த்தேன். கால் நடுவில் 60 மி.மீ., நுனியில் 72 மி.மீ. அந்த 12 மி.மீ. வித்தியாசத்தில் எழுத்துக்கு ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது.

எனக்கு இப்போது மூன்று யோசனைகள் ஓடுகின்றன. 14 அடிப் பலகையில் இது தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியுமா? 100 மி.லி. பாட்டில் லேபிளில் அடைந்துபோகாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் எழுத்தை இதற்கு ஜோடியாக எப்படி வரைவது? பலகையில் தமிழ்தான் பெரியது, ஆங்கிலம் கீழே சின்னதாக வரும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

ஈரோடு அச்சுக்கோப்பு · செவ்வாய் காலை

அம்மணி, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘தடித்த செரிஃப் அனுப்புங்கள்’ என்றால் பாதிப் பேர் கூப்பர் பிளாக்கை அனுப்புவார்கள். அது ஆஸ்வால்ட் கூப்பர் 1922இல் கொடுத்தது. நுனியெல்லாம் உருண்டு, ஆவியில் உப்பிய இட்லி மாதிரி இருக்கும். இன்னும் சிலர் வக்கீல் பலகைகளில் பார்க்கிற காப்பர்பிளேட் காதிக்கைச் சொல்வார்கள். அது ஃபிரெடரிக் கௌடி 1901இல் வரைந்தது. ஒரே தடிமனுள்ள கோட்டின் நுனியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு முள் இருக்கும், அவ்வளவுதான். இரண்டும் நல்ல எழுத்துகள். ஆனால் நீங்கள் தேடுகிற வகை இல்லை.

இந்த வகையில் நான் முதலில் காட்டுவது ஆல்பர்ட்டஸ். அதை வரைந்த பெர்த்தோல்டு வோல்ப் ஜெர்மனிக்காரர், ஆஃபன்பாக்கில் ருடால்ஃப் கோக்கிடம் படித்தவர், உலோக வேலை தெரிந்தவர். வெண்கல நினைவுப் பலகைகளில் எழுத்து செய்துகொண்டிருந்தார். அந்தப் பலகைகளின் படத்தைப் பார்த்துவிட்டு மோனோடைப் நிறுவனத்தின் ஸ்டான்லி மோரிசன் 1932இல் ‘இதையே அச்செழுத்தாக்கிக் கொடுங்கள்’ என்று கேட்டார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வோல்ப் அந்த எழுத்துகளைப் பலகைக்குள் வெட்டி இறக்கவில்லை. சுற்றியிருக்கும் உலோகத்தை வெட்டி எடுத்துவிட்டு எழுத்தைப் புடைப்பாக நிற்கவைத்தார். உளி எழுத்துக்கு வெளியிலிருந்து வேலை செய்தது. அதனால்தான் மெல்லிய முள், கூரான வால் எதுவும் இல்லாமல் கனமாக, எளிமையாக நுனி விரிந்து நிற்கிறது. லண்டனின் பழைய மையப் பகுதியான ‘சிட்டி’யில் தெருப் பெயர்ப் பலகைகள் இந்த எழுத்தில்தான் இருக்கின்றன.

இன்னொன்று ஆப்டிமா. ஹெர்மன் ஸாஃப் 1950இல் ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் தரைக் கல்லறைக் கற்களில் இருந்த எழுத்தைப் பார்த்தார். கையில் தாள் இல்லாததால் 1000 லிரா நோட்டின் மேலேயே வரைந்துகொண்டார். 1958இல் எழுத்துரு வெளியானது. வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்திருப்பது இதில்தான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அதன் விரிவு மிக நுட்பமானது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மொட்டை எழுத்தாகத்தான் தெரியும். உங்கள் செக்குக்காரருக்கு ஆல்பர்ட்டஸ் பக்கம் சாய்ந்த கனம் வேண்டும்.

பீளமேடு பேட்டர்ன் · செவ்வாய் மதியம்

ஐயா எழுதிய வெண்கலப் பலகை விஷயத்தை இரண்டு முறை படித்தேன். அதை நான் தினமும் செய்கிறேன், ஆனால் அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

கோயமுத்தூர் பவுண்டரிகளுக்குப் பேட்டர்ன், அதாவது மண்ணில் அமுக்கி அச்சு எடுக்கிற மாதிரி, செய்வது என் தொழில். பம்பு கேசிங் (பம்பின் வெளிக்கூடு) மேல் கம்பெனிப் பெயர் புடைப்பாக நிற்கிறதே, அந்த எழுத்தையும் பேட்டர்னிலேயே ஒட்டி அனுப்ப வேண்டும். பேட்டர்னை மண்ணில் அமுக்கி உருவும்போது எழுத்தின் பக்கச்சுவர் செங்குத்தாக நின்றால் மண்ணும் கூடவே பெயர்ந்து வரும். அதனால் அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் சரிவு கொடுப்போம். எழுத்தின் முனையில் மெல்லிய செரிஃப் இருந்தால் அது மண்ணில் ஒரு மயிரிழைப் பள்ளமாகத்தான் விழும். உருகிய இரும்பு அந்த இடத்துக்குப் போவதற்குள் குளிர்ந்துவிடும், முனை மழுங்கிய எழுத்துதான் வெளியே வரும். கட்டைக் கால் முடியும் இடத்தில் கூரான உள்மூலை இருந்தால் அங்கே மண் உதிரும்.

நுனி விரிந்த எழுத்தில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. விரிவு மெதுவாக வருவதால் மண் பிடித்து நிற்கிறது, நுனி அகலமாக இருப்பதால் இரும்பு தங்குதடையில்லாமல் போய்ச் சேர்கிறது. சொல்லப்போனால், நான் பேட்டர்ன் பழகியபோது என் மாமா மொட்டை எழுத்தின் நாலு மூலையிலும் அரத்தால் லேசாக வெளிப்பக்கம் இழுத்துவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, ‘வார்த்து வரும்போது மூலை எப்படியும் உருண்டுரும். இப்பவே கொஞ்சம் கூட வெச்சுட்டா அப்புறம் சதுரமா நிக்கும்’ என்றார். ஃப்ளேர்டு செரிஃப் பெயரையே கேட்டிராத மனிதர். காரணம் மட்டும் அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரே எச்சரிக்கை. ஆங்கில ‘ஓ’வுக்குள் இருக்கிற வெற்றிடம் அச்சில் மண் தீவாக நிற்கும். போல்டு ஆக ஆக அந்தத் தீவு சிறுத்துக்கொண்டே போகும். ரொம்பச் சிறுத்தால் உலோகம் வருகிற வேகத்தில் இடிந்து எழுத்து அடைந்துவிடும். நுனியை எவ்வளவு வேண்டுமானாலும் விரியுங்கள், உள்வெளியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோபி வாசகி · செவ்வாய் மாலை

எல்லாரும் ரசித்துப் பேசுகிறீர்கள். எனக்கு அடிப்படையிலேயே ஒரு மறுப்பு உண்டு. ஆங்கிலத்துக்கு இதெல்லாம் சரி. தமிழுக்கு எதற்கு?

நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் வளர்ந்தது. இரும்பு முனை ஓலையைக் கீறும்போது கோடு தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கனம்தான். அதற்கு முந்தைய பாறை எழுத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். கரூருக்குப் பக்கத்தில் புகலூர் ஆறுநாட்டார்மலையில் சேரர் காலத்துத் தமிழி இருக்கிறது, நம் ஈரோடு மாவட்டத்து அறச்சலூரில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டிலும் நுனி விரிவு கிடையாது, செரிஃப் கிடையாது. ரோமானியருடைய பழக்கத்தைக் கொண்டுவந்து ‘க’வின் தலையில் ஆணி அடித்ததுபோல ஒட்டிய எழுத்துருக்களைப் பார்க்கும்போதெல்லாம் கண் உறுத்துகிறது. ‘ட’வின் இரண்டு முனைக்கும் தொப்பி, ‘ப’வின் இரண்டு தலைக்கும் தொப்பி. அது தமிழ் எழுத்து இல்லை, வேஷம்.

செக்குக்காரர் நாலு தலைமுறை தெரிய வேண்டும் என்கிறார். அந்த நாலு தலைமுறையும் தமிழில்தானே இருந்தது?

ஈரோடு அச்சுக்கோப்பு · செவ்வாய் இரவு

வாசகி அம்மணியின் கோபம் நியாயமானது. ஒட்டுப்போட்ட தொப்பிகளை நானும் வெறுக்கிறேன். ஆனால் ஓலையோடு நின்றுவிட முடியாது. 1578இல் கொல்லத்தில் தமிழ் உலோக அச்சில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து நம் எழுத்து இரும்பு முனைக்கு மட்டும் சொந்தமில்லை. வெட்டுகிறவன் கை, வார்க்கிற ஈயம், மை பரவுகிற தாள் எல்லாம் சேர்ந்து அதற்குக் கனமும் மெலிவும் கொடுத்திருக்கின்றன. எங்கள் ஊரில் தொடங்கிய குடி அரசு இதழில் பெரியார் 1935இல் கொண்டுவந்த சீர்திருத்தத்தை 1978இல் அரசு ஏற்றுக்கொண்டபோது ‘ணை, லை, ளை, னை’, ‘ணா, றா, னா’ என்று 13 எழுத்துகளின் உருவமே மாறியது. அதற்கு முன்னால் நான் கோத்த ‘லை’க்குத் தும்பிக்கை இருந்தது. அந்தத் தும்பிக்கையும் தமிழ்தான், இன்றைய ஐகாரக் கொம்பும் தமிழ்தான்.

எனவே கேள்வி ‘வைக்கலாமா கூடாதா’ என்பதல்ல. எந்த முனையில் வைப்பது, எதில் விடுவது என்பதுதான்.

பூண்டி உளி · செவ்வாய் இரவு

திருமுருகன்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். சிற்ப வேலை குடும்பத் தொழில். திருப்பணிக் கல்வெட்டு, அடிக்கல் எழுத்து எல்லாம் செய்கிறோம். இப்போது கறுப்புக் கிரானைட்டில் ஸ்டிக்கர் ஒட்டி மணல் பீச்சித்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். அப்பா காலத்தில் உளிதான்.

வாசகி அக்கா சொன்ன பாறைக் கல்வெட்டு உண்மை. ஆனால் அது பாறையைக் கொத்தி இழுத்த கோடு. பாலிஷ் போட்ட கல்லில் தட்டை உளியால் வெட்டினால் கதை வேறு. இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டி நடுவில் ஆழமாக ஒரு பள்ளம் எடுப்போம். அந்தக் கோட்டை முடிக்கும் இடத்தில் பள்ளத்துக்குக் குறுக்காக ஒரு தட்டு தட்டினால்தான் முனை சுத்தமாக நிற்கும், இல்லாவிட்டால் சில்லு பெயரும். அந்தக் குறுக்குத் தட்டில் நுனி தானாகவே கொஞ்சம் அகலமாகிவிடும். அப்பா வெட்டிய ‘ர’வின் காலில் அந்த அகலம் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

ரோமானிய எழுத்தின் செரிஃபும் உளியால்தான் வந்தது என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மைதானா?

ஈரோடு அச்சுக்கோப்பு · செவ்வாய் இரவு

ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிவந்தார்கள் தம்பி. ரோமில் 113ஆம் ஆண்டில் எழுந்த டிராஜன் தூணின் அடிக் கல்லில் இருக்கும் எழுத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் அதை நேரில் அளந்து படியெடுத்து வேறு முடிவுக்கு வந்தார். முதலில் தட்டைத் தூரிகையால் கல்லில் எழுதினார்கள், அதன் மேல்தான் உளி போனது, நுனி விரிவு தூரிகையில் பிறந்தது என்றார். அவர் பாதிரியார் மட்டுமல்ல, பலகை எழுதிப் பிழைத்தவரும்கூட. அதனால்தான் அது அவர் கண்ணுக்குப் பட்டது.

தாராபுரம் தூரிகை · புதன் காலை

அந்தப் பாதிரியார் சொன்னது முழுக்கச் சரி. நான் 40 வருஷம் பலகை எழுதியவன். ஃப்ளெக்ஸ் வந்ததற்குப் பிறகு பள்ளிச் சுவர், கோயில் சுவர், லாரி மட்டும்தான். ஆனாலும் கை மறக்கவில்லை.

தட்டைப் பிரஷ்ஷில் எனாமல் தொட்டு ஒரு கோடு இறக்குவதைச் சொல்கிறேன். வைக்கும்போது பிரஷ்ஷை அமுக்கி வைப்போம், முடி விரியும். இழுக்கும்போது அமுக்கம் குறையும், கோடு ஒடுங்கும். நிறுத்தும்போது மறுபடியும் அமுக்கி, விரலுக்குள் பிரஷ்ஷைக் கால் சுற்று திருப்பி எடுத்தால்தான் முனை நேராக வெட்டியதுபோல நிற்கும். திருப்பாமல் எடுத்தால் வால் விழும். இப்படி எழுதினால் ஒவ்வொரு கோடும் அம்மணி சொன்ன உடுக்கைதான். எனவே வாசகி அம்மணி, இது ரோமானியனுடைய வழக்கம் மட்டும் இல்லைங்க. பிரஷ் பிடித்தவன் எல்லாருக்கும் வருவது.

இப்போது தமிழில் எங்கே விரியும் என்று சொல்கிறேன், குறித்துக்கொள் கண்ணு. பிரஷ் வைக்கிற இடத்திலும் எடுக்கிற இடத்திலும் மட்டும்தான் விரியும். திரும்புகிற இடத்தில் விரியாது. ‘ப’வை இடது மேலே வைத்து, கீழே இறக்கி, வலது பக்கம் போய், மேலே ஏற்றி எடுக்கிறோம். எனவே இரண்டு தலையும் விரியும், கீழ் மூலை இரண்டும் விரியாது. ‘ட’வுக்கு மேல் முனை, வலது முனை. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் கால் நுனி. ‘ல’வில் உள்ளே சுழி தொடங்கும் இடம் ஒன்று, கடைசியில் மேலே முடியும் இடம் ஒன்று. சுழியின் நுனியை ரொம்ப விரித்தால் அது பக்கத்துக் கோட்டில் இடித்துக்கொள்ளும், எனவே அங்கே பாதி விரிவு போதும். ‘ண’வின் சுழிகளும் அப்படியே. வளைவுகளில் விரிவே வேண்டாம், கனமும் மெலிவும் மட்டும் போதும். கணினிக்காரர்கள் செய்கிற தப்பு என்னவென்றால், ஒரு நுனியை வரைந்துவிட்டு அதையே எல்லா முனைக்கும் ஒட்டுகிறார்கள். அப்போதுதான் ஆணி அடித்ததுபோல ஆகிறது.

புள்ளியை வட்டமாகவே வையுங்கள். சதுரப் புள்ளி வைத்த பலகையைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

கோபி வாசகி · புதன் காலை

ஐயா, பிரஷ் வைக்கும் இடம், எடுக்கும் இடம் என்று நீங்கள் பிரித்துச் சொன்ன பிறகு என் மறுப்பில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். இங்கே கோபியில் பழைய அரிசி மண்டி ஒன்றின் தகரப் பலகையைக் காலையில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ‘மண்டி’யின் ‘ட’வில் வலது முனை அப்படியே விரிந்து நிற்கிறது. இத்தனை வருஷம் அந்த வழியாகத்தான் போகிறேன்.

மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது. புத்தகத்தின் உள்பக்கத்துக்கு இதைக் கொண்டுவராதீர்கள். நூறு பக்கம் தொடர்ந்து படிக்கிறவருக்குப் போல்டும் வேண்டாம், நுனி விரிவும் வேண்டாம்.

ஈரோடு அச்சுக்கோப்பு · புதன் காலை

அதில் இரண்டாவது கருத்தே இல்லை. தலைப்பு, அட்டை, பலகை, முத்திரை, இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வோல்ப்பும் ஃபேபர் பதிப்பகத்தில் 1941 முதல் 1975 வரை அட்டைகளில்தான் இந்தக் கனத்தைப் பயன்படுத்தினார்.

திருப்பூர் லேபிள் · புதன் மதியம்

லேபிள் பற்றி யாரும் பேசவில்லை, எனவே நான். பனியனின் கழுத்துக்குள் ஒட்டும் ஹீட் டிரான்ஸ்ஃபர் லேபிளும் நெசவு லேபிளும் போடுகிறேன். சின்ன அளவில் போல்டு ஃப்ளேர்டு எழுத்து தலைவலி. மை எப்போதும் கொஞ்சம் பரவும். நுனிகள் ஏற்கெனவே விரிந்திருப்பதால் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளின் பாதங்கள் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சின்ன ‘ஈ’யின் கண் மூடிவிடும். தமிழில் ‘ஞ’, ‘ண’, ‘இ’, ‘ஐ’ நாலும் கறுப்பு உருண்டையாகிவிடும்.

போன வருஷம் ஓர் ஆர்டரில் பலகைக்கு வரைந்த லோகோவை அப்படியே 8 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கி அனுப்பினார்கள். நானும் யோசிக்காமல் ஓட்டிவிட்டேன். 4,000 துண்டு வீண். அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம்: சின்ன அளவுக்குத் தனிக் கோப்பு வாங்குவேன். அதில் கனம் ஒரு படி குறைவு, எழுத்துக்கு நடுவில் இடைவெளி கூட, விரிவு பாதி. நேரில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு எழுத்தாகத் தெரியும். சட்டைக்குள் வைத்துப் பார்த்தால் ஒரே எழுத்து என்றுதான் சொல்வீர்கள்.

அக்கா, உங்கள் 100 மி.லி. பாட்டிலுக்கும் இதையே செய்யுங்கள். பொருட்களின் பட்டியல், விலை, தேதி இதெல்லாம் சாதாரண மொட்டை எழுத்தில் போகட்டும். பெயர் மட்டும் இதில் இருக்கட்டும்.

சிங்காநல்லூர் எல்இடி · புதன் மதியம்

ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய) பலகையில் அக்ரிலிக் எழுத்து வைத்து உள்ளே எல்இடி போடுவதாக இருந்தால் ஒன்று. நுனி மூலைகளுக்கு வெளிச்சம் எட்டாது, இரவில் மூலை இருண்டு எழுத்து மொட்டையாகத் தெரியும். விரிவுக்குக் கொடுத்த காசு போச்சு. அதற்குப் பதிலாகப் பின்பக்கம் சுவரில் வெளிச்சம் விழுகிற மாதிரி வையுங்கள். எழுத்து கறுப்பாக நிற்கும், ஓரம் முழுக்க ஒளி ஓடும். இந்த எழுத்துக்கு அதுதான் எடுப்பு.

கோவை மாணவி · புதன் மாலை

நான் படித்துக்கொண்டிருக்கிறேன், பணம் கொடுத்து எழுத்துரு வாங்க வசதியில்லை. இலவசமாகக் கிடைப்பதில் இந்த வகை உண்டா? அப்புறம், கோரல் டிராவில் சாதாரண எழுத்தைப் போல்டு பட்டன் அமுக்கித் தடிப்பாக்கினால் போதாதா?

பல்லடம் வரைகலை · புதன் மாலை

தங்கச்சி, பட்டனை அமுக்காதே. எழுத்துருவில் போல்டு தனியாக வரையப்படாமல் இருந்தால் மென்பொருள் சுற்றிலும் ஒரே அளவு கோட்டை ஏற்றிவிடும். இடுப்பும் தடிக்கும், நுனியும் தடிக்கும், உள்வெளி மட்டும் சிறுக்கும். பேட்டர்ன் அண்ணா எதைச் செய்யாதே என்றாரோ அதுவே நடக்கும்.

கூகுளின் இலவச எழுத்துருத் தளத்தில் மார்செல்லஸ் என்று ஓர் ஆங்கில எழுத்துரு இருக்கிறது, நுனி அழகாக விரியும், ஆனால் ஒரே கனம்தான், போல்டு இல்லை. சின்செல் போல்டிலும் பிளாக்கிலும் கிடைக்கிறது, ஆனால் அது கூர்ச் செரிஃப் உள்ள ரோமானியக் கல்வெட்டு எழுத்து, சின்ன எழுத்துகளும் கிடையாது. சின்செல்லை வரைந்த நாட்டனேல் காமா பங்கெடுத்த அரிமாவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாகப் பல கனங்களில் வருகின்றன, ஆனால் ஓரங்கள் மழுங்கிய மென்மையான எழுத்து. டிரோ தமிழ் படிப்பதற்கு அருமை, அதிலும் போல்டு இல்லை. அனேக் தமிழில் எத்தனை கனம் வேண்டுமானாலும் கிடைக்கும், அது மொட்டை. இவையெல்லாம் திறந்த உரிமத்தில் இருப்பதால் தொழிலுக்குப் பயன்படுத்தலாம், மாற்றி வரையவும் செய்யலாம்.

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். தமிழுக்கு அனேக்கின் தடித்த கனத்தை எலும்புக்கூடாக எடுத்துக்கொண்டு, தாராபுரம் ஐயா சொன்ன இடங்களில் மட்டும் நுனியைக் கையால் வரையப்போகிறேன். பலகைக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு எழுத்துதான்.

பல்லடம் வரைகலை · ஞாயிறு மாலை

போன நாலு நாளில் நடந்ததை எழுதுகிறேன்.

சோதனைக்கு ‘நல்லெண்ணெய்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். இதைவிடக் கடினமான சொல் கிடைக்காது. இரண்டு ‘ண’, இரண்டு ‘ல’, இரண்டு கொம்பு, மூன்று புள்ளி. முதல் வரைவில் ‘ண்ணெ’ என்ற இடம் கறுப்புத் திட்டாக இருந்தது. இரண்டு ‘ண’வுக்கும் நடுவில் கொம்பு மாட்டிக்கொண்டு, மூன்று விரிந்த நுனிகள் ஒரே இடத்தில் முட்டின. கனத்தைக் குறைத்தால் மற்ற எழுத்துகள் சோடைபோயின. கடைசியில் ‘ண’வை மட்டும் அகலப்படுத்தினேன், சுழிகளின் நுனி விரிவை முக்கால்வாசி எடுத்துவிட்டேன், கொம்பின் கீழ் முனையில் மட்டும் முழு விரிவை விட்டேன். அப்போதுதான் சொல் மூச்சுவிட்டது. எழுத்து இடைவெளியையும் மொட்டை எழுத்துக்கு வைப்பதைவிட ஒரு பங்கு கூட்டினேன். புள்ளி வட்டம்தான், ஐயா. அகலத்தை இடுப்புத் தடிமனுக்குச் சமமாக வைத்தேன்.

ஆங்கிலத்தோடு சேர்க்கும்போது இன்னொன்று கற்றுக்கொண்டேன். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை. மேலே இகர விலங்கு ஏறும், கீழே உகரம் இறங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கே ‘ப’வை வைத்தால் தமிழ் கத்துகிறது. சின்ன எழுத்தின் உயரத்துக்கு வைத்தால் ஒடுங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வைத்ததும் சமமாக நின்றது.

வெள்ளிக்கிழமை 12 அங்குல உயரத்தில் தாளில் எடுத்து, செக்குக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். பலகைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி ஓர் அங்குலத்துக்குப் பத்தடி, எனவே 120 அடியில் நன்றாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் அதே சொல்லை மொட்டை எழுத்திலும் ஒட்டினேன். பெரியவர் சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார். மகன் அடிக்கணக்கில் நாடா பிடித்தார். அந்தத் தூரத்தில் இரண்டும் தெரிந்தன. படிப்பதற்கு மொட்டை எழுத்து ஒரு துளி வேகம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பெரியவர் திரும்பி வந்து விரிந்த எழுத்தின் மேல் கை வைத்து, ‘இது நம்ம கல்லு மாதிரி நிக்குது’ என்றார். செக்கின் அடிக்கல்லைச் சொன்னார். மகனும் அதற்கு மேல் பேசவில்லை.

முடிவு இதுதான்: பலகைக்குத் தமிழ் விரிநுனி, பின்னொளியோடு. டின்னில் பெயர் மட்டும் அதே எழுத்து. 100 மி.லி. பாட்டிலுக்குத் திருப்பூர் தம்பி சொன்னபடி தனிக் கோப்பு. பில் புத்தகத்துக்குச் சாதாரண எழுத்து.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த இழையில் பம்பு கேசிங் பற்றி வந்ததைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். வாசல் தூணில் பதிக்க 2 அடி அகலத்தில் வார்ப்பு இரும்பில் பெயர்ப் பலகை ஒன்று செய்ய முடியுமா என்று கேட்கிறார். பேட்டர்ன் அண்ணா, ஆகுங்களா?

பீளமேடு பேட்டர்ன் · ஞாயிறு இரவு

ஆகுமுங்க, தாராளமாக. கோப்பை முழு அளவில் அனுப்புங்க. இரும்பு குளிரும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும், அதை நான் பேட்டர்னில் கூட்டிக்கொள்கிறேன், நீங்கள் கூட்ட வேண்டாம். புடைப்பு 5 மி.மீ. போதும். ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்தை மட்டும் எங்கேயும் 6 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்க. புள்ளிகள் மூன்றும் தனியாக நிற்பதால் அவற்றின் அடியில் சரிவு அதிகம் கொடுப்பேன், வார்த்த பிறகு கொஞ்சம் குமிழாகத் தெரியும்.

தாராபுரம் தூரிகை · ஞாயிறு இரவு

குமிழாக இருந்தால் நல்லதுதான் தம்பி, மழை பெய்தால் தண்ணீர் தேங்காது. கண்ணு, பலகை மாட்டுகிற அன்றைக்குச் சொல். தாராபுரத்திலிருந்து காங்கயம் பக்கம்தான், வந்து பார்க்கிறேன்.